எண்பதாம் இடத்தில் அக்கா

மாதக் கடைசி ராத்திரிகளில் மட்டும்
கணக்கு இடிக்கிறது.
பதினேழு காசு. ஒருதரம் நாற்பத்தொன்று.
சோதனை ஓட்டத்தில் ஒருநாளும் இல்லை.
பெருமாள்புரம் மாடியில்
ஃபேனை மூன்றில் வைத்துவிட்டு
கடல்தாண்டிய காப்பீட்டுக் கம்பெனியின்
மெயின்ஃப்ரேமுக்குள் குனிந்திருக்கிறேன்.

1979-இல் யாரோ எழுதிய கோபால் நிரல்.
தான் ஒருத்திதான் ஓடுகிறோம் என்ற நம்பிக்கையில்
கூட்டுத்தொகைக்கு ஒரே ஒரு கிண்ணம் வைத்திருக்கிறது.
பக்கத்தில் ஓடும் இன்னொருத்தி
அதே கிண்ணத்தில் கைவிட்டால்
கத்தாது, விழாது.
கொஞ்சம் தப்பாகக் கூட்டிவிட்டு
எல்லாம் சுகம் என்று
முடிவில் பூஜ்யம் போட்டுவிட்டுப் போகும்.

எத்தனைதரம் வாசித்தாலும் பிடிபடாது.
ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் கேட்க வேண்டும்.
நினைவகத்தின் தலைமாட்டில், 21சி என்ற இடத்தில்,
இப்போது ஓடுவது யார் என்று ஒரு முகவரி.
அதைப் பிடித்துப் போனால்
குடும்ப அட்டை மாதிரி ஒரு கட்டம்:
84-இல் தாய்.
88-இல் கடைசி மகள்.
80-இல், தனக்கு முன் பிறந்தவள்.
தாய் இருப்பது எதற்கும் சாட்சியில்லை,
எல்லாருக்கும் ஒருத்தி உண்டு.
படிக்குத் தலை நானே,
எனக்கு மகளும் இல்லை என்றால்
நான் தனி.
அசெம்பிளரில் பதினோரு வரி.

போன பங்குனியில் அப்பா போனார்.
பாளையங்கோட்டை தாலுகா ஆபீஸில்
வாரிசுச் சான்றிதழுக்கு எழுதிக்கொடுத்தேன்:
மனைவி ஒன்று, மகன் ஒன்று.
முப்பத்தாறு வருசம் அப்படித்தான் ஓடியிருக்கிறேன்.
விசாரிக்க வந்த கிராம நிர்வாக அலுவலர்
பேனாவை மூடித் திறந்து மூடி,
"கடையத்துல ஒருத்தவங்க இருக்காகளே தம்பி,
ஒங்களுக்குத் தெரியாதா?"
குழல்வாய்மொழி. வயது நாற்பத்திரண்டு.
அம்மா அரிசியிலிருந்து தலை நிமிர்த்தவில்லை.

வியாழக்கிழமைதோறும் அப்பா போனது
உரக்கடைப் பாக்கி வசூலிக்க இல்லை.
காராச்சேவு எப்போதும்
ரெண்டு பொட்டலம்தான் வாங்குவார்.
ஒன்று எனக்கு.
ஒன்று பஸ் ஏறிப் போயிருக்கிறது.

ஒன்றரை மணிக்கு, தூத்துக்குடியிலிருந்து
பிலோமின் என் வரிகளைப் பார்த்தாள்.
"தனியான்னு ஆரம்பத்துல ஒருதடவ கேக்க.
பதில குறிச்சு வச்சுக்கிட்டு
பூட்டாமலே உள்ள போற.
பெறவு ஒருத்தி பொறந்துட்டா?"
ஒவ்வொரு தரமும் கேட்டால் நேரமாகும் என்றேன்.
"கேக்கவே வேண்டாம்வே. எப்பவும் பூட்டு.
தனியா இருந்தாலும் பூட்டு.
ரெண்டு மைக்ரோ செகண்டுல
என்னத்த கொறஞ்சுரப் போவுது."

பதினோரு வரியையும் அழிக்க மனமில்லை.
முன்னால் நட்சத்திரம் போட்டு
ஓடாத வரிகளாக்கி வைத்தேன்.
கீழே பூட்டு, வேலை, திறப்பு.

விடிந்து பத்து மணிக்கு
வண்ணார்பேட்டை வங்கி.
அப்பாவின் வைப்புத்தொகைப் படிவத்தில்
வாரிசுகள் கையெழுத்துக்கு மூன்று கோடு.
அம்மா வீட்டிலேயே போட்டுக் கொடுத்துவிட்டாள்.
பச்சைச் சேலையில் ஒருத்தி
கடையம் பஸ்ஸின் தூசியோடு உள்ளே வந்து
அப்பாவின் நெற்றியோடு
எந்த வரிசையில் நிற்பது என்று பார்த்தாள்.

கவுண்டரில் நூல் கட்டிய ஒரே பேனா.
அவள் பெயர் நீளம்.
எழுதி முடிக்கும்வரை
நின்றுகொண்டிருந்தேன்.