இருநூற்றுப் பதினான்கு

ஏப்ரல் இரண்டாம் வாரம், தவறாமல்,
ஹெல்தூர் தன் படகின் வயிற்றைச் சுரண்டுவார்.
ஒட்டுச்சிப்பி, காய்ந்த பாசி, போன வருஷத்து வண்ணம்
எல்லாம் ஓர்யாகு துறையின் ஈரக் கற்களில் உதிரும்.
பிறகு ஒரு சிறு சுத்தியலால்
ஆணி ஆணியாய்த் தட்டிக் கேட்பார்.
ஓர் ஆணி வேறு குரலில் பேசினால்
அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது.

அந்த மனிதரிடம்தான்
இணையதளத்தைப் பார்த்துக்கொள்ள
மாதம் முப்பது யூரோ கேட்டேன்.
"அதற்கு என்ன கேடு?
ஓடிக்கொண்டுதானே இருக்கிறது"
என்று கைப்பேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

ஓடிக்கொண்டுதான் இருந்தது.
முகப்பில் நீலக் கடல், நீலத்தில் வெள்ளைப் படகு,
படகிலிருந்து கையசைக்கும் பெண்
விட்டுப்போய் நான்கு வருஷமான மனைவி.
கட்டணமும் அவள் காலத்துக் கட்டணம்.
நான் வாதாடவில்லை.
காபியின் மிச்சத்தைக் குடித்துவிட்டு
நாலரை மணி ஃபெர்ரியைப் பிடித்தேன்.

கோடை வந்தது. ஆட்கள் வரவில்லை.
ஜூனில் நான்கே சவாரி, ஜூலையில் ஆறு.
மழையைத் திட்டினார், டீசல் விலையைத் திட்டினார்,
கார்த்லாவில் ஒருவன் வாங்கியிருந்த
இரட்டை எஞ்சின் படகைத் திட்டினார்.
ஆகஸ்டில், கயிறு பிடிக்கும் பையன் ரன்னோவிடம்
கடைசிச் சம்பளத்தைக் கவரில் போட்டுக் கொடுத்தார்.
மறுநாள் துறைமுகப் பலகையில் ஒரு தாள்:
படகு விற்பனைக்கு.

வாங்க வந்தவன் தள முகவரியையும் கேட்டான்.
அதற்காக என்னைக் கூப்பிட்டார்,
"சாவி எதுவோ, அதை அவனிடம் கொடுத்துவிடு."

சாவியைத் தேடித்தான் உள்ளே போனேன்.
அக்டோபரில் ஒரு நள்ளிரவு
செர்வர் நிறுவனம் பழைய பதிப்பை நிறுத்தியிருக்கிறது.
யாரும் கவனிக்கவில்லை. கவனிக்க யாரும் இல்லை.
அன்றிலிருந்து முன்பதிவுப் படிவம்
வாங்கியதையெல்லாம் விழுங்கிக்கொண்டு
ஒவ்வொருவரிடமும் ஒரே முகத்தோடு சொல்லியிருக்கிறது:
*நன்றி. விரைவில் தொடர்புகொள்கிறோம்.*

இருநூற்றுப் பதினான்கு.
தொலைபேசியில் வாசிக்கச் சொன்னார், வாசித்தேன்.
தார்த்துவிலிருந்து ஒரு பள்ளி,
முப்பத்தொரு பிள்ளைகள், கடல்நாய் பார்க்க.
லூபெக்கிலிருந்து ஒருவர்: நாயை ஏற்றுவீர்களா?
மே மாதம் மறுபடியும்: நாயை ஏற்றுவீர்களா?
ஜூனில்: அவன் பெயர் பென்னோ. குரைக்கவே மாட்டான்.

நூற்றுத் தொண்ணூறாவது, தம்பேரேயிலிருந்து ஔனெ.
அப்பா இந்தப் பக்கத்துத் தீவொன்றில் பிறந்தவர்.
சாம்பலைக் கரைக்க வேண்டும்,
ஆகஸ்ட் பத்தொன்பது, அவருடைய பிறந்தநாள்.
முடியாது என்றாலும் ஒரு வரி எழுதுங்கள்.

அன்று செப்டம்பர் இரண்டு.

மறுமுனையில் காற்று மட்டும் கேட்டது.
"சரிசெய்ய எவ்வளவு நேரமாகும்?" என்றார் கடைசியில்.
பொய் சொல்லியிருக்கலாம்.
பதினோரு நிமிஷம், என்றேன்.

ஔனெக்கு அவரே எழுதினார், எழுத்துப் பிழைகளோடு.
மூன்றாம் நாள் பதில் வந்தது.
*வேறு படகு கிடைத்தது.
உங்களுக்கு விருப்பமில்லை என்று நினைத்துக்கொண்டோம்.*

பலகையிலிருந்த தாளைக் கிழித்தாரா என்று தெரியாது.
ஆனால் மாதத்தின் முதல் திங்கள், காலை எட்டு மணிக்கு,
நான் பதிப்புகளைப் புதுப்பித்து
நகலெடுத்து முடிப்பதற்குள்
படிவத்தின் வழியே ஒரு செய்தி வந்துவிடுகிறது.
பெயர்: ஹெல்தூர். பயணிகள்: பூஜ்யம்.
செய்தி: டக். டக்.

சேர்ந்தது என்று எழுதுகிறேன்.
முப்பது யூரோவும் சேர்ந்துவிடுகிறது.
அந்த நன்றி வாக்கியத்தை மட்டும் எடுத்துவிடச் சொன்னார்.
அந்த இடத்தில் என்ன போடட்டும் என்றேன்.
இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.