ஐந்துக்கு அடுத்தது

லெய்டா படம் எடுப்பாள். நான் துடுப்புப் போடுவேன்.
பதினோரு வருஷமாக இதுதான் ஏற்பாடு.
கேமரா அவளுடையது, படகு என்னுடையது.
நாங்கள் கணவன் மனைவி இல்லை,
கேட்பவர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.
அவள் படகின் மூக்கில், நான் வாலில்.
அவள் பின்னந்தலையில் ஒரு சுழி உண்டு.
ஹல்லிஸ்தே ஆற்றின் சுழிகளைவிட
அது எனக்கு நன்றாகத் தெரியும்.

சூமா சதுப்புக்கு வருகிறவர்கள்
ஐந்தாம் பருவம் எப்போது என்றுதான் முதலில் கேட்பார்கள்.
பனி உருகி, போக்கிடம் இல்லாமல்
தண்ணீர் வயலேறி, சாலையேறி
என் தபால்பெட்டியின் கழுத்தைப் பிடிக்கும்போது என்பேன்.
அப்போது காட்டுக்குள்ளேயே படகு விடலாம்.
பிர்ச் மரங்கள் இடுப்பளவுத் தண்ணீரில்
மோதிரத்தைத் தொலைத்தவர்கள் மாதிரி நிற்கும்.
ஒரு ஏப்ரலில், விறகடுக்கின் உச்சியில்
முயலொன்று மூன்று நாள் குடியிருந்தது.
லெய்டா அதை நூற்று எண்பது படம் எடுத்தாள்.
நான் ஒரு காரட் வீசினேன்.
தண்ணீரில் விழுந்தது.

கோடை என்றால் கொசு.
அதை யாரும் படம் எடுப்பதில்லை,
ஆனால் எல்லாப் படத்திலும் அது இருக்கிறது.
மூஸ் மான் கொஞ்சம் கலங்கித் தெரிந்தால்
அந்த நொடி அவள் தன் கன்னத்தில் அறைந்துகொண்டாள் என்று பொருள்.
மீன்கொத்திக்காக மண்கரைக்கு எதிரே ஒரு பகல் முழுக்க.
"அசையாதே, தாவெட்."
நான் அசையவில்லை. ஆறுதான் அசைந்தது.
வந்தது,
தீக்குச்சி உரசும் நேரத்துக்கு ஒரு நீலக் கீறல்.
படத்தில் இருப்பது அது போன பிறகான கிளை,
இன்னும் ஆடிக்கொண்டு.

மேலே பெருங்கொக்குகள் கத்திக்கொண்டு தெற்கே போகும்.
அவள் அண்ணாந்து சாய்வாள், படகு சாயும்,
நான் மறுபக்கம் சாய்வேன்.
இலையுதிர்காலம் பற்றி
எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

உறைந்த ஆற்றுக்கு ஓசை இல்லை என்பது பொய்.
ராத்திரியில் பழைய கட்டில் மாதிரி முனகும்.
பேட்டரிகளை அக்குளில் வைத்து அடைகாப்போம்.
பனியில் நீர்நாய் வயிற்றால் சறுக்கிய தடம்,
நீர்நாய் இல்லை.
தடத்தைப் படம் எடுத்துவிட்டு
ஃபிளாஸ்கில் இருந்த காப்பியைக் குடித்து வீடு வருவோம்.

ஐந்து பருவம் எங்களுக்கு.
ஐந்துக்கு அடுத்து எண்ணிப் பாருங்கள்:
ஆறு.

சொல்ல வந்தது வேறு.
பீவரைப் பிடிக்க, போன ஆகஸ்டில்
ஆஸ்பென் மரமொன்றில் தானியங்கிக் கேமரா கட்டினாள்.
அக்டோபரில் போனால் கேமரா இல்லை, மரமே இல்லை.
கடித்த பென்சில் முனை மாதிரி ஓர் அடிக்கட்டை.
நான் சிரித்தேன். ஒரு வாரம் அவள் பேசவில்லை.

இந்த வெள்ளத்தில்
அது எல்மாரின் சவுனா படிக்கட்டில் வந்து ஒதுங்கியது.
நினைவு அட்டையை அடுப்பு மேட்டில் உலர்த்தினோம்.
ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு படங்கள்.
ஆயிரத்து முந்நூறு, காற்றில் ஆடும் இலை.
பிறகு ஆரஞ்சு நிறப் பற்கள், மிக அருகில்.
பிறகு கரை சாய்கிறது, வானம் சாய்கிறது.
பிறகு பழுப்பு, பழுப்பு, ஆற்றின் உள்பக்கம்.

நடுவில் ஒரு படம்.
செப்டம்பர், மழை.
சரசரக்கும் என்று தன் கோட்டை என்னிடம் எறிந்துவிட்டு
அவள் நாணலுக்குள் ஊர்ந்துபோன நாள்.
படகில் நான்.
அவள் கோட்டை என் கோட்டுக்குள் வைத்து
நனையாமல் இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு.

நெடுநேரம் பார்த்தாள். பெரிதாக்கிப் பார்த்தாள்.
"ஃபோகஸ் சரியில்லை," என்றாள்.
அழிக்கவில்லை.

இன்று காலை மூக்கில் அமர்ந்தவள்
என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.
கேமரா பையிலேயே இருந்தது.
துடுப்பு தண்ணீரில் தப்பாக விழுந்து
இருவர் முகத்திலும் தெறித்தது.

அவள் முதுகுக்குப் பின்னே
வாயில் மீனோடு ஒரு நீர்நாய்
ஆற்றைக் குறுக்கே கடந்தது,
அவசரமில்லாமல், நல்ல வெளிச்சத்தில்.

நான் சொல்லவில்லை.