தவக்காலத்தின் முதல் ஞாயிறு

ஒரு கிடாரி குறைந்தது, அவ்வளவுதான்.
ஃபெஸ்டஸின் அப்பா மூன்று கேட்டார்
என் அப்பா இரண்டில் நின்றார்
தரகர் மலாக்கி இருவர் கையையும் பிடித்திழுத்துச்
சேர்த்துவிடப் பார்த்தார்
அதற்குள் விஸ்கி தீர்ந்துவிட்டது.

முந்தின வாரம்தான் அவர்கள் நிலத்தை
அப்பா நடந்து பார்த்தார்.
பதினொரு ஏக்கர். அதில் நான்கு வெறும் நாணல்.
நடுவே யாரும் வெட்டத் துணியாத முள்மரம்.
'அதற்கும் சேர்த்தா கிடாரி?' என்றார்.
'மரம் அவர்களுடையது' என்று
மலாக்கி குரலைத் தாழ்த்தினார்.
அவர்கள் யாரென்று
எங்கள் பக்கம் பெயர் சொல்வதில்லை.

செவ்வாய் இரவு
பெரியப்பா மகள் வினிஃப்ரெட்டுக்குக் கல்யாணம்.
விடிந்தால் சாம்பல் புதன்,
பிறகு ஈஸ்டர் வரை யாருக்கும் கிடையாது.
ஓட்ஸ் ரொட்டியை அவள் தலைமேல் உடைத்தார்கள்.
ஆடும்போது இரண்டு காலையும் ஒன்றாய்த்
தரையிலிருந்து எடுக்காதே,
எடுத்தால் அவர்கள் கொண்டுபோய்விடுவார்கள் என்று
மூன்று பேர் மூன்று முறை சொன்னதில்
பாவம், மணப்பெண் வாத்துபோல் ஆடினாள்.

பத்தரைக்குக் கதவை உதைத்துக்கொண்டு
வைக்கோல் முகமூடிக்காரர்கள்.
அழைக்காமல் வருவதுதான் அவர்களுக்கு மரியாதை.
மூச்சை உள்ளே இழுத்தபடி பேசினார்கள்,
குரல் காட்டிக்கொடுக்காமலிருக்க.
நெட்டையாய் ஒருவன் என்னிடம் வந்து கை நீட்டினான்.
மோதிர விரலில் பாதி இல்லை.
டர்னிப் வெட்டும் இயந்திரம் தின்றது,
பங்கு முழுக்கத் தெரியும்.
நான் தெரியாதவள்போல் ஆடினேன்.
வைக்கோல் கழுத்தில் குத்தியது.
ஒரு சுற்றில்
என் இரண்டு கால்களும் தரையில் இல்லை.
யாரும் கொண்டுபோகவில்லை.

ஞாயிறு பூசை முடிந்தால்
சுவரோரம் பையன்கள் சாக்பீஸோடு நிற்பார்கள்.
தவக்காலம் வந்தும் தனியாய் இருப்பவர் முதுகில்
ஒரு கோடு இழுப்பார்கள், ஊர் சிரிக்கும்.
வாசல் நெரிசலில் என் தோளுக்குக் கீழே
ஏதோ ஊர்ந்தது.
ஒரு கோட்டுக்கு ஆகும் நேரத்தைவிட அதிகம்.
திரும்பிப் பார்க்கவில்லை.
இரண்டு மைல், ஊர் சிரிக்க நடந்தேன்.

வீட்டில் மேலங்கியைக் கழற்றினால்
கறுப்புக் கம்பளியில்
காதுகள் பெரிதாய்,
நான்கு கால்களும் நான்கு நீளத்தில்
ஒரு கிடாரி.

தட்டவில்லை.
அப்பா தொப்பி மாட்டும் ஆணியில்
முதுகுப் பக்கம் தெரிய மாட்டிவைத்தேன்.
வந்தார்.
சந்தையில் பார்ப்பதுபோல்
ஒரு அடி பின்னால் நகர்ந்து பார்த்தார்.
'பின்னங்கால் சரியில்லை' என்றார்.

தொப்பியை மட்டும்
வேறு ஆணியில் மாட்டினார்.