எடைச்சீட்டின் பின்பக்கம்

அச்சுப் பிசகிய எடைச்சீட்டுகளை
ஆலையிலிருந்து நான்தான் கொண்டுவருவேன்.
முன்பக்கம் லோரி எண், செம்பனைக் குலையின் டன் கணக்கு.
பின்பக்கம் வெள்ளை.
அந்த வெள்ளையில்தான்
பீடோங் மாமாக் கடையின் கடைசி மேசையில்
செவ்வாய்தோறும் மூன்று பேர் கோடீஸ்வரர் ஆவோம்.
நான்காவது ஆள் திலகேஸ்வரி.
ஆகவிட மாட்டாள்.

யுகேந்திரன் தொடங்குவான்:
கல்யாணக் கூடாரம், நாற்காலி, பிரியாணிச் சட்டி,
எல்லாம் ஒரே செயலியில்.
"யார் காசு குடுப்பா?
கூடாரக்காரர் உன் பெரியப்பா. அவருக்கே நீ
போன தீபாவளி வாடகை பாக்கி."
கோடு.

குரங்குக் கூட்டம் இறங்கினால்
லயம் முழுக்க மணியடிக்கும் செயலி.
"குரங்கு குடுக்குமா?"
கோடு.

என்னிடமும் ஒன்று இருந்தது.
சுங்கை பட்டாணிக்குப் போகும் தொழிற்சாலை பஸ்
எந்த முனையில் வருகிறதென்று காட்டுவது.
விடியற்காலை ஐந்து பத்துக்கு
இருட்டில் நிற்கிற பெண்களுக்கு.
இதற்கு மட்டும் அவள் உடனே கேட்கவில்லை.
அவளும் அந்த இருட்டில் நின்றவள்.
கையுறை ஆலை ஆள் குறைத்தபோது
முதல் பட்டியலிலேயே போனவள்.
தேத்தண்ணியை ஆற்றினாள்.
பிறகு கேட்டாள்.
கோடு. கொஞ்சம் மெல்லிய கோடு.

ஜெகதீபன் லோரியில் குலை ஏற்றுகிறவன்.
பேசுவதற்கு முன் உள்ளங்கையில் முள் தேடுவான்.

"உங்க ஆலை வாசல்ல நேத்து நாலு மணி நேரம் நின்னோம்.
பழம் வெயில்ல வெந்து தரம் எறங்கிருச்சு.
அதே நேரம் ஆத்துக்கு அந்தப் பக்க ஆலையில
ரெண்டே லோரி. யாருக்குத் தெரியும்?
தெரிஞ்சா முதலாளி தரமாட்டானா,
நடைக்கு ரெண்டு வெள்ளி?"

திலகேஸ்வரி வாயைத் திறந்தாள்,
ஒரு துண்டு ரொட்டியைப் போட்டு மூடிக்கொண்டாள்.
சீட்டை இழுத்துப் பெருக்கினாள்.
மறுபடி பெருக்கினாள்.
"அலாமாக்" என்றாள், யாரையும் பார்க்காமல்.

அப்போதே பதிவுப் பக்கத்தைத் திறந்தான் யுகேந்திரன்.
நிறுவனத்தின் பெயருக்கு ஒரு மணி நேரச் சண்டை;
'வரிசை' என்று முடிந்தது.
அடுத்து, உரிமையாளர் அடையாள அட்டை எண்.
பன்னிரண்டு கட்டங்கள்.
கைப்பேசியை ஜெகதீபனிடம் நீட்டினான்.
நீட்டிய பிறகுதான் ஞாபகம் வந்தது.

இந்த வட்டார ஆஸ்பத்திரியில் பிறந்தவன்,
எங்கள் வகுப்பில் கணக்கில் முதல்.
அப்பாவும் அம்மாவும் பதியாமல் விட்ட கல்யாணம்,
அதனால் பிறப்புப் பத்திரத்தில் ஒரு வரி:
குடிமகன் அல்ல.
அவன் சிம் அட்டைகூட யுகேந்திரன் பெயரில்.

மேசை துடைக்கிற பையன்
நாங்கள் பேசி முடித்துவிட்டதாக நினைத்து
கிளாஸ்களை எடுத்துப் போனான்.

"ஒன் பேரப் போடு லா," என்றான் என்னிடம்.
"நான் கடவுச்சொல்லா இருந்துக்கிறேன்.
என்ன வச்சுத்தான் தொறக்கணும்,
ஆனா யாரு கண்ணுலயும் படமாட்டேன்."
அவன்தான் சிரித்தான்.

என் எண், என் முகவரி, என் சம்மதம்.
கடைசியில் கடவுச்சொல் கேட்டது.
அவன் பெயரை அடித்தேன்.
எழுத்து விழ விழக் கறுப்புப் புள்ளியானது.
போதாது, எண்ணும் வேண்டும் என்றது திரை.

அவனுக்கு எண் ஏது?

திலகேஸ்வரி தன் பெருக்கலைத் திருப்பிப் போட்டாள்.
முன்பக்கத்தில் அவன் ஏறிவரும் லோரியின் எண்.
அதைச் சேர்த்தேன்.
திறந்தது.

நாளைக் காலை முதல் நடைக்கு
என் தராசுக்கு வருவான்.
சன்னலைத் தட்டி, எறங்கு என்பேன்.
ஆளை இறக்கிவிட்டுத்தான் நிறுக்க வேண்டும்,
ஆலை விதி.