மஞ்சள் பை

துராஸ்னோ ஊரில் ஜூலை என்றால் குளிர்காலம்.
என் ஹார்டுவேர் கடைக்கு வருகிறவர்கள்
குளிரையும் கூட்டிக்கொண்டு உள்ளே வருகிறார்கள்.
பையை மட்டும் வெளியே விட்டுவிடுகிறார்கள்.

சைக்கிள் கூடையில், சன்னலுக்குக் கீழே,
ஒருமுறை என் நாயின் முதுகுக்குப் பின்னால்.
மஞ்சள் பைகள்.
நெடுஞ்சாலை முனையில் முளைத்த பெரிய கடையின் பைகள்.
டிரில் மெஷின் அங்கே வாங்கியது.
அதற்கான திருகாணி, ஒன்றே ஒன்று,
இங்கே.

அங்கே ஐம்பதாகத்தான் தருவார்களாம்.
நான் ஒன்றாகத் தருவேன்.
ஒன்றைத் தேடி, ஒன்றைக் காகிதத்தில் சுற்றி,
ஒன்றுக்கு எட்டு பேசோ வாங்கிக்கொண்டு,
குளியலறைச் சுவர் ஏன் ஊறுகிறது என்று
முக்கால் மணி நேரம் சொல்வேன்.
சொல்லுக்கு விலைச்சீட்டு ஒட்டத் தெரிந்திருந்தால்
நானும் நெடுஞ்சாலைக்குப் போயிருப்பேன்.

சரி, என் பையையும் காட்டிவிடுகிறேன்.
மொந்தெவிதெயோ மொத்த வியாபாரி
பல்புக்கு எனக்குப் போடுகிற விலையைவிட
மஞ்சள் கடையின் சில்லறை விலை குறைவு.
ஞாயிறு காலை, ஊர் எழுவதற்கு முன்,
தம்பியின் கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டு
நாற்பது பல்பு வாங்கி வருகிறேன்.
திங்களன்று அவை என் அலமாரியில்
ஒன்றும் தெரியாத பிள்ளைகள்போல நிற்கும்.

ஒரு ஞாயிறு, பெயிண்ட் டப்பாக்கள் முடிகிற திருப்பத்தில்
அஞ்சலக வில்மார்.
அவர் வண்டியை நான் பார்த்தேன்.
என் வண்டியை அவர் பார்த்தார்.
"குளிர் அதிகம், நெல்வா."
"ரொம்ப அதிகம்."

ஆகஸ்டில் அவர்களுடைய உருட்டுக் கதவு
பாதியில் நின்றுவிட்டது.
ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.
மஞ்சள் சட்டையோடு ஓடி வந்தான் மேலாளன் ஹெபர்,
இருபத்தாறு வயதிருக்கும்,
கையில் உடைந்த கம்பிச்சுருள்.
புதியது பிரேசிலிலிருந்து வர பதினோரு நாளாம்.

ரயில் பட்டறை மூடியபோது
கிலோ கணக்கில் ஏலம் எடுத்தேன்.
"பைத்தியக்காரக் கொள்முதல்" என்றார் என் கணக்கர்.
இடப்பக்கம், கீழிருந்து மூன்றாவது இழுப்பறை.
பொருந்தியது.

"எவ்வளவு?"
"முந்நூற்று நாற்பது."
ரொக்கம் கொடுக்க அவனுக்கு அதிகாரமில்லை.
தலைமையகத்துக்குப் படிவம் போக வேண்டும்,
படிவம் திரும்ப வேண்டும்.
பையனுக்குக் காது சிவந்துவிட்டது.

கடன் நோட்டை எடுத்தேன்.
கன்று விற்றதும் தருகிறேன் என்ற குழாய்க்காரர்,
சம்பளம் வரட்டும் என்ற டீச்சர்,
அவர்களுக்குக் கீழே எழுதினேன்:
மஞ்சள் கடை. சுருள் ஒன்று. 340.

அக்டோபர் வந்துவிட்டது, பணம் வரவில்லை.
வில்மார் வரும்போதெல்லாம் அந்தப் பக்கத்தைக் காட்டச் சொல்கிறார்.
பையை இப்போது கல்லாப்பெட்டி பக்கத்திலேயே வைக்கிறார்.
வசூலிக்க நான் போகவில்லை.
அந்த ஒரு வரிக்கு
முந்நூற்று நாற்பதைவிட மதிப்பு அதிகம் என்று வைத்திருக்கிறேன்.

மின்சார அலுவலகம் அப்படி நினைப்பதில்லை.
இரண்டாவது நினைவூட்டல்
இன்று காலை கதவிடுக்கில் கிடந்தது.
கொண்டுவந்து போட்டவர்
மணியடிக்காமலே போய்விட்டார்.