துரை வேஷம்

அப்பாவுக்கு லண்டனில் ஏழு படம்.
ஏழும் பேசாப் படம்.
பிற்பாடு உருக்கி வெள்ளி எடுத்துவிட்டார்கள் என்பார்,
வாழைக்காய் விலை சொல்கிற குரலில்.

படங்கள் பேசத் தொடங்கிய வருஷம்
அப்பாவும் வாய் திறந்தார்.
ஆறடி இரண்டங்குல உடம்புக்குள்ளிருந்து
ஒரு கிளிக்குஞ்சு.
அவ்வளவுதான். கப்பல்.

காரைக்குடி, கோவிலூர் சாலைத் தகரக் கொட்டகை.
அதுவரை நெற்குப்பைச் சவுந்தரம்தான்
முகமெல்லாம் மாவு பூசிக்
கலெக்டராக நின்றவர்.
விளக்குச் சூட்டில் வேர்த்தால்
கலெக்டர் கோடு கோடாகக் கறுப்பார்.
அப்பா வேர்த்தால் சிவந்தார்.
மாதம் எண்பது ரூபாய்.

பெர்சி ஹாலம்.
ஊர் வாயில் 'பரிசு' ஆனது.
பொய்முடிக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்த சவரியம்மாள்
"பரிசா? யாருக்கு?" என்றாளாம்.
தேவகோட்டைக் கோயிலில் ஓலை வாசித்தார்கள்.

தமிழ் கடைசிவரை வரவில்லை.
"வாயை மட்டும் அசைங்க துரை,
ஒன்று இரண்டு எண்ணினால் போதும்."
குரல், சவுந்தரம் கொடுத்தார்.
கடல் தாண்டி வந்தும்
பேசாப் படந்தான்.

சுதந்திரம் வந்தபின் கிராக்கி கூடியது.
படத்துக்குப் படம் அடி வாங்கினார்.
கொட்டகை விசிலடிக்கும்.
மறுநாள் சந்தையில் அதே கைகள்
அவர் பைக்குள் கூடுதலாய் இரண்டு கத்தரிக்காய் போடும்.
தம்பி வியாகுலம்தான் பாவம்,
நீலக் கண்ணுக்காகப் பள்ளிக்கூடத்தில்
தினம் ஒரு வெள்ளையனே வெளியேறு.

வருஷத்துக்கொன்று பிரைட்டன் முத்திரையில் கடிதம் வரும்.
"யாரு?"
"அத்தை."

போன ஞாயிறு மத்தியானம் டிவியில்
அப்பா.
முதல் படம், தேய்ந்து, மழை பெய்துகொண்டு.
சவுந்தரம் குரல் உறுமுகிறது:
"வரி கட்டாதவன் வீட்டை இடி!"

காதுகேளாத பிள்ளைகளுக்கு
இருபத்தாறு வருஷம் பாடம் எடுத்தவள் நான்.
உதடு படிப்பது என் சோறு.

டோரா, என்றது அப்பாவின் உதடு.
வில்ஃப்ரெட்.
மேபல்.
மறுபடி டோரா.
பிரம்பை ஓங்கியபடி,
புருவம் நெரித்தபடி,
வில்ஃப்ரெட். மேபல்.

"எண்றாராடி?" அம்மா கேட்டாள்,
கண்ணாடியைச் சேலையில் துடைத்துக்கொண்டே.
"ஆமாம்மா."
"எத்தனை வரைக்கும்?"

நான் டிவியைப் பார்த்தேன்.
அங்கே கூரையிலிருந்து ஓடு விழுந்துகொண்டிருந்தது.
"மூணு."

"ம். அப்ப நீ பிறக்கல."
கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.
"சத்தத்தைக் கொஞ்சம் குறை.
சவுந்தரம் எப்பவும் இப்படித்தான் கத்துவாரு."