தொழில் என்ற கட்டம்

பதினோராம் கட்டில் எனக்கும் கேதுஜாவுக்கும் பொது.
வலப்பக்கம் நான், யூனானி.
இடப்பக்கம் அவள், ஆயுள்வேதம்.
நடுவில் பெரியகல்லாற்று நேசமலர்,
காப்புக் கடையில் நீட்டுவதுபோல்
இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு.

"காலுக்குள்ள எறும்பு ஓடுது புள்ள."

எத்தனை நாளாக?
"சின்னவன் கட்டாருக்குப் போன கிழமைல இருந்து."
விரல் மடித்து எண்ணி
மூன்று வருடம் நான்கு மாதம் என்று எழுதினேன்.
கேதுஜா நான்கு வருடம் என்றாள்.

நாடிக்கு மூன்று விரல் வைத்தோம்.
எனக்குக் கேட்டது பெரும்பாலும் என் நெஞ்சுதான்;
வாய்மொழிப் பரீட்சைக்கு ஆறு நாள்.
என் தாளில் எறும்புகள் பல்கம் ஆயின,
அவள் தாளில் வாதம்.
"ரெண்டு பேரும் ரெண்டு எழுதுறீங்க.
எறும்புக்கு எந்தத் தாள் விளங்கும்?"
அடுத்த கட்டில்காரி சுலைஹா உம்மா
இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

பின்னேரம் எண்ணெய் என் முறை.
சூடு பார்க்கக் கிண்ணத்தில் விரல் விட்டு,
சுட்டு,
உதறினேன்.
ஒரு சொட்டு அவள் பாதத்தில் தெறித்தது.
அவள் ஜன்னலுக்கு வெளியே
நிந்தவூர் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுட்டுட்டுதா?
"எது?"

காலைத் திருப்பினேன்.
குதிவெடிப்புக்குள் என்னவோ கிடந்தது.
பஞ்சால் நெம்பி எடுத்தேன்:
ஒரு நெல். முழுசாக, உமியோடு.

"மில்லுக் களத்துல அவிச்ச நெல்லுத் துழாவுறன்.
காலாலதான். செருப்புப் போட்டா
நெல்லு உடையும் எண்டு முதலாளி.
பன்னெண்டு மணிக்குச் சீமெந்து கொதிக்கும், முந்திச் சுடும்.
இப்ப சுகம், சுடுறல்ல."

முதல் பக்கம், நான்காம் கட்டம், தொழில்:
வீட்டுப் பெண்
என்று என் எழுத்தில் இருந்தது.
கேதுஜாவின் எழுத்திலும்.
கேட்டதாக இருவருக்கும் நினைவில்லை.

வெட்டினால் பக்கத்தில் ஒப்பம் வைக்க வேண்டும், விதி.
வைத்தேன்.
கேதுஜா இரத்தச் சீனிக்குத் துண்டு எழுதினாள்.
பிறகு, ஏனென்று தெரியாமல்,
அந்த நெல்லைத் தன் தாளின் மூலையில்
பிளாஸ்டர் போட்டு ஒட்டினாள்.

நேசமலர் எட்டிப் பார்த்தாள்.
"வெள்ளிக்கு முதல் விடுவீங்களா புள்ள?
மழை வரப்போகுது.
களத்துல நெல்லுக் கிடக்கு."